கத்தரி படாத கடைசிப் பக்கம்

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் சில்வானோ சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில், சமையலறைக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான். பேருந்துப் பணிமனையில் இருபத்தெட்டு வருடமாக எஞ்சின் பிரிக்கிறவன். மற்ற நாளில் சட்டைக்கு எல்லாப் பொத்தானும் போட்டிருந்தாலே அதிசயம்.

"பொண்ணு பாக்கவா போற?" என்றாள் மனைவி ஓர்னெல்லா, அடுப்பில் காபியை ஏற்றியபடி.

"ஒன்பது மணிக்கு மேல எடுத்து வச்சிருக்க மாட்டேன்னு எர்மெஸ் சொல்லிட்டான்."

"போன வருஷமும் அந்த மனுஷன் அதேதான் சொன்னான். அலறி அடிச்சுக்கிட்டுப் போய்ப் பாத்தா முப்பத்தேழு. இருபத்தேழு இல்ல."

"இந்த தடவ நானே போன்ல ரெண்டு தரம் கேட்டுட்டேன்."

பழைய காமிக்ஸ் விற்கிற எர்மெஸின் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்ததிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் சோறு தண்ணி இறங்கவில்லை என்பது போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்காக ஒரு நாலு வரி.

1951 நவம்பரில் இத்தாலியின் போ நதி கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது சில்வானோவுக்கு ஆறு வயது, அண்ணன் ஜெலிந்தோவுக்குப் பதினொன்று. அப்பா முன்பே போய்விட்டார். அம்மா அந்தக் குளிர்காலத்திலேயே ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள். பையன்களை ஒரு விடுதியில் சேர்த்தார்கள். சில மாதங்களில் ஜெலிந்தோவை யாரோ தத்தெடுத்துக் கூட்டிப்போனார்கள். யார், எந்த ஊர் என்று சின்னவனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பிறகு விடுதியையே மூடிவிட்டார்கள். அதன் காகிதங்கள் போன இடம் தெரியவில்லை. மிஞ்சியது ஜெலிந்தோ போட்ட ஒரே ஒரு தபால் அட்டை.

"சில்வானோ, நெட் வாலர் 27 வாங்கிப் பார். பின்னட்டை உள்பக்கத்தில் என் புதுப் பேர் அச்சில் வந்திருக்கிறது. ஊரும் போட்டிருக்கிறார்கள்! உன் அண்ணன்."

பேர் அச்சில் வந்த பெருமையில், அந்தப் பேரை அட்டையில் எழுதவேண்டும் என்று பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தோன்றவில்லை. தபால்தலையை விடுதியில் எவனோ சேகரிப்புக்காகக் கிழித்துக்கொண்டான். ஊர் முத்திரையும் அதோடு போயிற்று.

நெட் வாலர் ஒரு கௌபாய். செக் புத்தகம் அளவில், பக்கத்துக்கு ஒரே ஒரு வரிசைப் படத்தோடு, வாரா வாரம் பெட்டிக்கடையில் தொங்கிய காமிக்ஸ். பழைய காமிக்ஸைத் தேடி வாங்குகிற ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது என்று சில்வானோவுக்குத் தெரியவந்ததே ஏழு வருடம் முன்புதான். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம்.

முதலில் கிடைத்தது அறுபதுகளில் வந்த மறுபதிப்பு. கதை முழுதாக இருந்தது. ஆனால் அது, பிள்ளைகள் படிக்கத் தகுந்தது என்று ஒழுக்க முத்திரை குத்தி விற்ற காலம். நெட் வாலர் கையிலிருந்த துப்பாக்கியை அழித்துவிட்டிருந்தார்கள். எதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்க, நம் ஆள் ஆள்காட்டி விரலை நீட்டி மிரட்டிக்கொண்டிருந்தான். பின்னட்டையில் வண்ணப் பென்சில் விளம்பரம். அடுத்து எண்பதுகளில் வந்த 'அச்சு அசல்' மறுபதிப்பு. அதில் துப்பாக்கி திரும்பி வந்திருந்தது. பின்னட்டை உள்பக்கம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. ஆக, மூல இதழ்தான் வேண்டும். அதுதான் இப்போது எர்மெஸ் கடையில் இருக்கிறது.

"இதுதான் கடைசிக் காமிக்ஸ் கண்காட்சி. இதுல கிடைக்கலேன்னா விட்டுடறேன்" என்று சில்வானோ போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் சொல்லியிருந்தான். அந்த வார்த்தைக்காக ஏழு வருடம் மல்லுக்கட்டினவள் ஓர்னெல்லா. கேட்ட பிறகு அவளுக்கு அது சந்தோஷமாக இல்லை.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. மகள் காத்யா.

---

பனி அடர்த்தியாக இருந்தது. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே காத்யா ஓட்டினாள்.

"அப்பா, அவர் கிடைச்சார்னு வச்சுக்கோ. முதல்ல என்ன கேப்ப?"

"ஏன்டா திரும்பி வரலேன்னு கேப்பேன்."

"அவரும் அதையே உன்னைக் கேட்டா?"

 சில்வானோ ஜன்னல் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தான். துடைத்த பிறகும் வெளியே பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

பின்னிருக்கையில் ஓர்னெல்லா சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. கிடைக்காமல் போனால் என்ன என்பதல்ல அவள் பயம். அதற்கு அவள் பழகிவிட்டாள். கிடைத்து, அந்த ஆள் செத்துப்போயிருந்தால்? உயிரோடு இருந்து, எனக்குத் தம்பியும் கிடையாது ஒருவனும் கிடையாது என்று கதவைச் சாத்தினால்? இந்த மனுஷனை யார் தேற்றுவது? நான்தானே தேற்றவேண்டும் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"ஹாம் வச்ச ரொட்டி இருக்கு. யாருக்கு வேணும்?" என்றாள்.

"இப்பதானேம்மா காபி குடிச்சோம்?"

"அப்ப சும்மா ஓட்டு."

---

கண்காட்சிக் கூடம் அந்த நேரத்துக்கே நிரம்பியிருந்தது. ஆளுக்கொரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வழுக்கைத் தலைகளும் தொப்பைகளுமாக ஆண்கள் கூட்டம். பேசுவதெல்லாம் எண்கள். "நாற்பத்தொண்ணு இருக்கா?" "அறுபது வரைக்கும்தான்." பொம்பளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். தன் ரொட்டிக்கடையில் சனிக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு இங்கே வந்து நிற்கிறோமே என்று ஓர்னெல்லாவுக்கு இருந்தது.

எர்மெஸ் எழுபது வயதுக்காரர். மூக்கு நுனியில் கண்ணாடி, விரல்களில் பருத்தி உறை. சில்வானோவைப் பார்த்ததும் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வைத்தார்.

அட்டையில் நெட் வாலர் பாலத்தின் மேல் குதிரையை நிறுத்தியிருந்தான். மூலையில் 27.

சில்வானோ தொடவில்லை. கையைக் கால்சட்டையில் இரண்டு முறை துடைத்தான். 

"திறப்பா" என்றாள் காத்யா.

உறையிலிருந்து எடுத்தான். ஒரு பக்கம்கூடப் பார்க்காமல் நேரே பின்னட்டைக்குப் போனான்.

பின்னட்டையில் ஒரு ஜன்னல் இருந்தது. நடுவில், நேர்க்கோடாக, யாரோ கத்தரியால் அழகாக வெட்டி எடுத்திருந்தார்கள். அந்தச் சதுரத்தின் வழியாக எதிரே எர்மெஸின் கம்பளிச் சட்டை தெரிந்தது. சுற்றிலும் மிஞ்சிய ஓரத்தில் பேர்கள் இருந்தன. ஊர், வயதோடு, பொடி எழுத்தில். மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு படித்தார்கள். ஜெலிந்தோ என்று ஒருவனும் இல்லை.

"நடுவுல என்ன ஆச்சு?" என்றான் சில்வானோ. 

"கூப்பன்" என்றார் எர்மெஸ். "வெளிப்பக்கம் கூப்பன், உள்பக்கம் கடிதம் போட்ட பசங்க பேர்ப் பட்டியல். அஞ்சு கூப்பன் வெட்டி அனுப்பினா தகரத்துல ஷெரிஃப் நட்சத்திரம் வீட்டுக்கு வரும். எந்தப் பையன் வெட்டாம இருப்பான்? நானே வெட்டியிருக்கேன்."

"எல்லா இருபத்தேழும் இப்படித்தானா?"

"நாப்பது வருஷத்துல ஜன்னல் இல்லாத ஒண்ணை நான் கண்ணால பாத்ததில்ல. மறுபதிப்பு போட்டவங்களுக்கும் கிடைக்கல. அதான் அந்தப் பக்கத்தை வெள்ளையா விட்டாங்க."

"இதை போன்ல சொல்லியிருக்கலாமே!" என்று பாய்ந்தாள் ஓர்னெல்லா.

எர்மெஸ் உண்மையிலேயே திகைத்துப்போனார். "கதை முழுசா இருக்கே, சிக்னோரா. கேக்கறவங்க கதையைத்தான் கேப்பாங்க. பின்னட்டையை யாரு படிக்கறா?"

சில்வானோ இதழை உறைக்குள் போட்டு, உறையின் வாயை மடித்து, மேசையில் நேராக வைத்தான். "சரி. முடிஞ்சுது" என்றான். சண்டை போட்டிருந்தால்கூட ஓர்னெல்லாவால் தாங்கியிருக்க முடியும். அவன் யாரையும் பார்க்காமல் கதவை நோக்கி நடந்தான். காத்யா பின்னாலேயே ஓடினாள்.

ஓர்னெல்லா நகரவில்லை. யாரையாவது திட்டவேண்டும் போல இருந்தது. பக்கத்தில் இருந்தவர் எர்மெஸ்தான்.

"இத்தனை வருஷமா நாய் மாதிரி அலையறான், தெரியுமா உங்களுக்கு? ஒரு லீவு நாள்ல என்னோட உக்காந்து சாப்பிட்டதில்ல. எல்லாம் ஒரு ஓட்டையைப் பாக்கத்தானா?"

"நான் என்ன பண்ணட்டும், சிக்னோரா? ஊர்ப் பசங்க அத்தனை பேர் கையையும் நான் போய்ப் பிடிக்க முடியுமா? வாங்கினவன் எல்லாம் வெட்டினான்."

வாங்கினவன் எல்லாம் வெட்டினான். அந்த வார்த்தையில் ஓர்னெல்லா நின்றாள்.

"வாங்காதது?"

"என்னது?"

"விக்காம மிஞ்சினது. எங்க கடையில சாயங்காலம் மிஞ்சற ரொட்டியைத் தூக்கிப் போடமாட்டோம். மறுநாள் அரைச்சு, தூளாக்கி, பொட்டலம் கட்டி வித்துடுவோம். மிஞ்சின காமிக்ஸை என்ன பண்ணாங்க?"

"ரிட்டர்னா? பத்துப் பத்தா சேத்து, மேல ஒரு புது அட்டை ஒட்டி, பைண்டு பண்ணி கம்மி விலைக்குத் தள்ளிடுவாங்க."

"உள்ள இருக்கற அட்டையெல்லாம் கிழிச்சுட்டா?"

"கிழிக்கறதுக்குக் கூலி யாரு குடுக்கறது? அப்படியேதான்..." என்று ஆரம்பித்த எர்மெஸ் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். திரும்ப மாட்டிக்கொண்டார். "சிக்னோரா, அதை சேகரிக்கறவன் எவனும் தொடமாட்டான். மூணு பக்கமும் மெஷின்ல வெட்டினது. அளவு போச்சு, ஓரம் போச்சு. நான் மேசை மேல வைக்கறதே இல்ல. உங்க வீட்டுக்காரருக்கும் அதைத்தான் முதல் நாளே சொல்லிக்குடுத்தேன், பைண்டு பக்கமே போகாதீங்கன்னு."

"விக்காத புத்தகத்துல எந்தப் பையன் கத்தரி வச்சிருப்பான்?" என்றாள் ஓர்னெல்லா.

 எர்மெஸ் கூடத்தின் கடைசியை நோக்கிக் கையை நீட்டினார். "கழிவறைக்குப் பக்கத்துல ஒரு அம்மா. பழைய பள்ளிக்கூடப் புத்தகம் விக்கறவங்க. அவங்ககிட்டதான் இந்தக் குப்பையெல்லாம் இருக்கும்."

---

அந்த அம்மா பின்னலாடை பின்னிக்கொண்டிருந்தாள். "நெட் வாலரா? அந்தப் பெட்டியில பாருங்க" என்று ஊசியாலேயே காட்டினாள்.

ஓர்னெல்லா நல்ல பாவாடையோடு தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். பூகோளப் புத்தகங்கள், பூசைப் புத்தகங்கள், சமையல் குறிப்பு. நடுவில் தடித்தடியாகப் பைண்டுகள். மேலட்டையில் உள்ளே எந்த எண்கள் என்று போட்டிருக்கவில்லை. ஒன்றைப் பிரித்தாள்: ஒன்று முதல் பத்து. இன்னொன்று: நாற்பதுக்கு மேல். இந்தச் சனியன்களைத்தான் சில்வானோ ஏழு வருடமாக ஒவ்வொரு கண்காட்சியிலும் முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு போயிருக்கிறான். பெரிய சேகரிப்பாளர்! அவனுக்குத் தேவை ஒரு பேர். இவர்களோடு சேர்ந்து அவனும் ஓரத்து அளவு பார்க்கக் கற்றுக்கொண்டான். முட்டாள், முட்டாள் என்று திட்டிக்கொண்டே அடுத்ததைப் பிரித்தாள். கண்ணில் நீர் முட்டியது.

இருபத்தொன்று. இருபத்திரண்டு. புரட்டிக்கொண்டே போனாள். பாலத்தின் மேல் குதிரை. 27.

பின்னட்டை முழுதாக இருந்தது. புள்ளிக்கோடு போட்ட கூப்பன், 'இங்கே வெட்டவும்' என்ற கட்டளையோடு, யாரும் வெட்டாமல் இருந்தது.

அந்தத் தாளைத் திருப்பினால் போதும். விரலை ஓரத்தில் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். இது தான் பார்க்க வேண்டியதல்ல என்று அவளுக்குத் தோன்றியது. பின்னல்காரி கேட்டதைக் கொடுத்துவிட்டு, பைண்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

சில்வானோ நடைபாதை பெஞ்சில் அணைந்த சிகரெட்டோடு உட்கார்ந்திருந்தான். காத்யா அவன் தோளில் தலை சாய்த்திருந்தாள்.

"இந்தா."

அவன் ஒரு பார்வை பார்த்தான். "இது ரிட்டர்ன் பைண்டு. இதுக்கா காசு குடுத்த?"

"திற."

"ஓர்னெல்லா, விடு. மெஷின்ல வெட்டினது இது."

"நீ கைபடாத கன்னி இதழா தேடின. உங்க அண்ணன் பேரைத் தேடல. வாயை மூடிக்கிட்டு இருபத்தேழைத் திற."

இந்தக் குரலில் அவள் பேசினால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. திறந்தான். கூப்பனைப் பார்த்தான். அதற்கு அர்த்தம் அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தாளைத் திருப்பினான்.

நீளப் பட்டியல். விரல் மேலிருந்து கீழே இறங்கியது. பாதியில் நின்றது.

*பெதோன்யி ஜெலிந்தோ, வயது 12, கசால்*

அதற்கு மேல் காகிதம் இல்லை. ஊர்ப் பேரின் மீதியை மெஷின் கத்தி கொண்டுபோயிருந்தது.

"பெதோன்யி" என்றான் சில்வானோ. "ஜெலிந்தோ பெதோன்யி." இன்னொரு முறை சொன்னான். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, ஐம்பத்தோரு வயது மனிதன், போகிற வருகிறவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதான். ஓர்னெல்லா அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள். பயமெல்லாம் அந்த நிமிஷம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"கசால்னு எத்தனை ஊர் இருக்கு!" காத்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினாள். "கசால்மஜ்ஜோரே, கசால்புஸ்தர்லெங்கோ, கசாலே..."

"பெதோன்யி இந்தப் பக்கத்துப் பேரு" என்றது ஒரு குரல். எர்மெஸ். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். கையுறைகூடக் கழற்றவில்லை. "என் மச்சினன் வீடே பெதோன்யிதான். மலைக்கு இந்தப் பக்கம் நாலு ஊர்ல கல்லைத் தூக்கிப் போட்டா ஒரு பெதோன்யி தலையில விழும். இது கசால்கிராந்தேதான்."

"கசால்கிராந்தேயா?" ஓர்னெல்லா நிமிர்ந்தாள். "நம்ம குளியலறைக்கு ஓடு வாங்கினது அங்கதானே, சில்வானோ? நாள் பூரா சுத்தினோமே அந்த ஊர்ல?"

சில்வானோ தலையை ஆட்டினான். 

---

கண்காட்சிக்கு எதிரே இருந்த காபிக் கடையில் தொலைபேசிக்கு அடியில் மாவட்ட டைரக்டரி சங்கிலியில் கட்டித் தொங்கியது. காத்யா ஊரைப் பிடித்து, பேரைப் பிடித்து, நகத்தால் வரி வரியாகக் கீறிக்கொண்டே வந்தாள். எர்மெஸ் சொன்னது பொய்யில்லை. ஒரு பத்தி முழுக்க பெதோன்யிகள். எர்னெஸ்தோ, ஃபெர்ருச்சோ...

"ஜெலிந்தோ" என்றாள். "ஒருத்தர்தான் இருக்கார்."

டைரக்டரி இந்த வருடத்தது. அதில் பேர் இருக்கிறது. அப்படியென்றால் ஆள் உயிரோடு இருக்கவேண்டும். எர்மெஸ் கையுறையோடு சிலுவை போட்டுக்கொண்டார்.

"நீ பேசு" என்றாள் ஓர்னெல்லா.

"என்னால முடியாது. நீ பேசு."

"உங்க அண்ணன்டா!"

"அவர் ஞாபகமில்லேன்னு சொன்னா அது என் காதுல விழக்கூடாது. நீ பேசு. நீ கேட்டுச் சொல்லு."

ஓர்னெல்லா தொலைபேசிக் கார்டைச் செருகினாள். காத்யா எண்களைச் சொல்லச் சொல்ல அழுத்தினாள். மணி அடித்தது. நாலு, ஐந்து. கடைக்குள் காபி இயந்திரம் இரைந்தது. கடைக்காரனைப் பார்த்து எர்மெஸ் உஸ்ஸென்றார். ஏழாவது மணியில் யாரோ எடுத்தார்கள். வயசுப் பையன் குரல், ஓடிவந்து எடுத்த மூச்சிரைப்போடு.

"ஹலோ?"

"ஜெலிந்தோ பெதோன்யி வீடா?"

"ஆமா. அப்பா தோட்டத்துல இருக்கார், இலை கூட்டறார். கூப்பிடணுமா?"

உயிரோடு இருக்கிறார். இலை கூட்டுகிறார்.  ஓர்னெல்லா சுவரைப் பிடித்துக்கொண்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், வாய்க்கு வந்ததைக் கேட்டாள்.

"நீங்க யாருப்பா பேசறது?"

"நான் அவர் பையன். சில்வானோ."

ஓர்னெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஹலோ? யாருங்க அது? அப்பாகிட்ட யாருன்னு சொல்லட்டும்?"

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் சுவரோடு ஒட்டி, அடி வாங்கப்போகிறவன் மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றிருந்தான். அவன் கையைப் பிரித்து ரிசீவரை அதில் வைத்தாள்.

"உன் பேரைத்தான் பிள்ளைக்கு வச்சிருக்கார்" என்றாள். "நீ யாருன்னு அந்தப் பிள்ளை கேக்கறான். சொல்லு."